புளியும் கடப்பாக்கல் தொட்டியும்

எங்கள் வீட்டு அடுப்படித் தொட்டியின் இடது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தழும்பு ஒன்று பல ஆண்டுகளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பாக இருக்க, அந்த மூலை மட்டும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். தண்ணீர் பட்டால் மறைந்துவிடும். காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். அது ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கறை என்றே அம்மாவும் நானும் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததால் எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்தோம்; வினிகரை ஊற்றி ஊறவிட்டோம்; ஒரு நாள், கழிப்பறைக்கு வாங்கி வைத்திருந்த ஆசிட்டையே ஒரு மூடி அளவு அதன்மேல் விட்டேன். அது நுரைத்துப் பொங்கியதைக் கண்டு, கறை கரைகிறது என்று மகிழ்ந்தேன். கரைந்தது கல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் இந்தத் தொட்டியைப் பற்றிக் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கல் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னைப்போல் ஆசிட் புட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் படித்துவிட்டால் நல்லது.

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் ஆச்சி காலத்தில் அடுப்பங்கரையின் ஓரத்தில் அங்கணம் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்துதான் பாத்திரம் துலக்க வேண்டும். 1989-இல் அப்பா மேடை கட்டி, நின்று சமைக்கும் அடுப்படியாக அதை மாற்றியபோது, மேடைக்கும் தொட்டிக்கும் சேர்த்துக் கடப்பாக்கல் வாங்கினார். கடையில் ஒரே வார்ப்பாக வாங்கி வந்து பொருத்தும் தொட்டி அல்ல இது. கொத்தனார் ஐந்து பலகைகளை அளவெடுத்து அறுத்து, அடிப்பலகை ஒன்று, பக்கப்பலகைகள் நான்கு என்று நிறுத்தி, இணைப்புகளைச் சிமென்ட் கொண்டு அடைத்து, அடியில் துளையிட்டுக் கழிவுநீர்க் குழாயைப் பொருத்தியிருக்கிறார். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், எட்டு அங்குல ஆழம் உள்ள இத்தகைய தொட்டியில், பலகை முக்கால் அங்குலப் பருமன் என்று கொண்டால், கல் மட்டுமே முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். நிறையத் தண்ணீர் பிடித்தால் இன்னும் ஐம்பது கிலோவுக்கு மேல் ஏறும். அதனால்தான் அடியில் செங்கல் சுவர் இருபுறமும் தாங்கி நிற்கிறது. சுவரை இடித்துவிட்டு அலமாரி வைக்கலாம் என்று ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக்கல். ஆந்திரத்தின் கடப்பா, நந்தியால், அனந்தபூர் மாவட்டங்களில், குறிப்பாகப் பேதஞ்செர்லா, தாடிபத்ரி பக்கங்களில் வெட்டி எடுக்கப்படுவது. அந்த வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் மிகுந்திருப்பதற்கும் இதே சுண்ணாம்புப் பாறைதான் காரணம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நீருக்கடியில் படிந்து படிந்து இறுகிய சேறு என்பதால் அது ஏடு ஏடாகப் பிளக்கும். மெல்லிய பலகைகளாக எடுப்பது எளிதாக இருப்பதும், விலை குறைவாக இருப்பதும், கனமான வெண்கலப் பானை விளிம்பில் இடித்தால் செதில் செதிலாகப் பெயர்வதும் அந்த ஒரே குணத்தின் விளைவுகள். கிரானைட் வேறு இனம். அதில் உள்ள படிகக்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் கடினத்தில் மோஸ் அளவுகோலின்படி 7, 6 என்று நிற்கின்றன. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் வெறும் 3. சமையலறைக் கத்தி சாதாரணமாக ஐந்துக்கு மேல் இருக்கும் என்பதால், கடப்பாக்கல்லின் மேல் வைத்து மீன் அறுத்தால் கோடு கல்லில்தான் விழும். கிரானைட்டின் மேல் வைத்து அறுத்தால் முனை மழுங்குவது கத்திக்குத்தான்.

ஆனால் கடினத்தைவிடப் பெரிய வேறுபாடு புளிப்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும், நாம் சுட்டு நீற்றி வெற்றிலையில் தடவும் கிளிஞ்சலும், முட்டை ஓடும் அடிப்படையில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். எந்த அமிலம் பட்டாலும் அது கரைந்து, கரியமில வாயுவைக் குமிழிகளாக விடும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். எங்கள் பக்கத்துச் சமையலோ புளிப்பின் மேல் நிற்பது. புளிக்குழம்பு, ரசத்தின் மண்டி, புளித்த தோசை மாவு, விருந்துச் சொதியின் கடைசியில் பிழியும் எலுமிச்சை என்று ஒரு நாளில் தொட்டிக்குள் இறங்கும் புளிப்பைப் பட்டியலிட்டால், சுண்ணாம்புக்கல்லில் பாத்திரம் துலக்கும் தொட்டியைக் கட்டலாம் என்று முதலில் நினைத்தவரின் துணிச்சலை வியக்கத்தான் வேண்டும். அவ்வளவுக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது தாக்குப் பிடித்திருக்கிறது. காரணம் எளிது: குழம்பும் மோரும் உடனே தண்ணீரோடு ஓடிவிடுகின்றன, கல்லின் மேல் அவை தங்குவது சில நொடிகள்தான்.

தங்கிய புளிதான் மூலையைத் தின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்குகளுக்குப் புளி தடவி, சற்று நேரம் ஊறட்டும் என்று தொட்டியின் இடது மூலையில் சாய்த்து வைப்பார்கள். பித்தளையின் களிம்பைக் கரைக்கும் அதே புளி, வழிந்து கீழே நின்று, கல்லின் மெருகையும் கரைத்திருக்கிறது. மெருகேற்றிய பரப்பு சமமாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. அமிலம் அரித்த பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகிவிடுவதால் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடித்து வெளுத்துத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பும்போது மீண்டும் கறுப்பாகிறது. எண்ணெய் தடவினாலும் அப்படியே. பழைய கல்லைப் புதிதுபோல் காட்ட வேண்டியபோது எண்ணெய்த் துணியால் துடைப்பதன் சூட்சுமமும் இதுதான்.

எனவே வெள்ளையாகத் தெரிவது உப்பா, அரிப்பா என்று கண்டுபிடித்த பிறகே கையை வைக்க வேண்டும். கல் நன்றாகக் காய்ந்தபின் விரலால் தடவிப் பாருங்கள். உப்புக்கறை மேடாகச் சொரசொரத்து நிற்கும். நகத்தால் சுரண்டினால் கொஞ்சமாவது பெயரும். அரிப்பு மட்டமாகவோ சற்றே தாழ்ந்தோ இருக்கும். சுரண்டுவதற்கு எதுவும் இராது. தொட்டி எந்தக் கல் என்றே தெரியாதவர்கள், வெளியே தெரியாத ஓரத்தில் ஆணியால் லேசாகக் கீறி, அந்தத் தூளின் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இனம். அதாவது கடப்பா, தாண்டூர், ஷாபாத், கோட்டா, பளிங்கு எல்லாம் இதில் அடங்கும். ஆணி கீறவே மறுத்து, சாறும் சும்மா நின்றால் கிரானைட் இனம். பார்த்தவுடன் அந்தச் சொட்டைக் கழுவிவிடுங்கள்.

உப்புக்கறையிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. குழாயில் தாமிரபரணித் தண்ணீர் மட்டும் வந்த காலத்தில் தொட்டியில் வெள்ளை படிந்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகுதான் குழாயின் கீழே வட்டமாகப் படியத் தொடங்கியது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. 600 உள்ள தண்ணீர் ஒவ்வோர் இரவும் தொட்டியில் நூறு மில்லி தேங்கிக் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு 60 மில்லிகிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 22 கிராம். நான்கு தேக்கரண்டிச் சுண்ணாம்பைக் கையால் எடுத்துத் தொட்டியில் பூசுவதற்கு ஒப்பானது அது. இந்தப் படிவின் பெரும்பகுதியும் கால்சியம் கார்பனேட்தான். கறையும் கல்லும் ஒரே பொருள் என்பதால், கறையைக் கரைக்கும் எதுவும் கல்லையும் கரைக்கும். எவர்சில்வர் தொட்டிக்கும் குழாய்க்கும் வினிகர் அருமையான மருந்து. கடப்பாக்கல்லுக்கு அதுவே நோய். இணையத்தில் கிடைக்கும் துப்புரவுக் குறிப்புகளில் எலுமிச்சையும் வினிகரும் இயற்கையானவை, ஆகவே தீங்கற்றவை என்ற தொனி இருப்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமிலம் இல்லாமல் உப்பை எடுக்க எனக்குக் கைகொடுத்த வழி பொறுமைதான். துணியை வெந்நீரில் நனைத்துக் கறையின் மேல் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து, பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் படுக்கைவாட்டில் சுரண்டினால் மேலேடு பெயரும். மிச்சத்தை 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து எடுக்கலாம். சாதாரண நாளில் உப்புத்தாளும் வேண்டாம், இரும்பு நாரும் வேண்டாம். இரும்பு நாரின் இழை ஒன்று கல்லின் நுண்துளையில் சிக்கிக்கொண்டால் மறுநாள் அங்கே துருப்புள்ளி இருக்கும். ஆச்சி பயன்படுத்திய சாம்பலையும் தேங்காய் நாரையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சாம்பல் காரம், சுண்ணாம்புக்கல்லை அது ஒன்றும் செய்யாது. பாத்திரம் துலக்கும் சோப்புக் கட்டிகளும் பெரும்பாலும் காரத்தன்மை உடையவையே. உறையில் எலுமிச்சைப் படம் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பயன் தந்தது, செலவே இல்லாத ஒரு பழக்கம். இரவு கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, தொட்டியைச் சோப்பு நீரால் ஒருமுறை அலசி, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுகிறேன். தேங்கும் நீர் இல்லையென்றால் மேலே சொன்ன 22 கிராமும் இல்லை. கீறல் விழாமல் இருக்கத் தொட்டிக்குள் ரப்பர் விரிப்புப் போட்டிருப்பவர்கள் அதையும் இரவில் எடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும். அதன் அடியில் சிக்கிய நீர் விடிய விடியக் காயாமல் இருந்து, விரிப்பின் வடிவத்தையே கல்லில் அச்சடித்துவிடும்.

கறைகளைப் பொறுத்தவரை கறுப்புக் கல் பெருந்தன்மையானது. காப்பியும் தேநீரும் அதில் தெரிவதே இல்லை. மஞ்சள்தூளின் கறை கல்லில் தெரியாவிட்டாலும் பலகைகளுக்கு இடையிலான வெளிறிய சிமென்ட் கோட்டில் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சோப்பையோ சோடாவையோ போட்டதும் சிவந்து போவதைக் கண்டு நான் முதலில் திடுக்கிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருகிறதல்லவா, அதே வேலைதான் அது. கழுவினால் மஞ்சளுக்குத் திரும்பிவிடும், சன்னல் வெயில் பட்டால் சில நாள்களில் தானாக மங்கும். எண்ணெய் அப்படியன்று. மெருகு போன இடத்தில் எண்ணெய் இறங்கினால் ஈரம் காயாததுபோல் ஒரு கருந்திட்டு நிலைத்துவிடும். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, திட்டின் மேல் அரை அங்குலத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், காயும் மாவு எண்ணெயை மேலே உறிஞ்சிக்கொள்ளும். எங்களுக்கு இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. ஈரத்தோடு கவிழ்த்து வைத்த இரும்புத் தோசைக்கல்லின் துருவளையம் மட்டும் எதற்கும் அசையவில்லை. துரு நீக்கி என்று விற்பவை பலவும் அமிலம். வெளுக்கும் நீரோ துருவை இன்னும் அழுத்தமாக்கும். அதைத் தேய்த்துத்தான் எடுத்தேன். வெளுக்கும் நீரையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் வாயு கிளம்பும், அடைந்த அடுப்படியில் அது ஆளையே சாய்த்துவிடும்.

மூலைத் தழும்பைச் சரிசெய்ய மூன்று பிற்பகல்கள் பிடித்தன. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே, முதலில் 220, அடுத்து 400, பிறகு 600 என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். முந்தைய தாளின் கோடுகள் முற்றிலும் மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது என்பதுதான் இதில் உள்ள ஒரே நுட்பம். அவசரப்பட்டு நான் 600-க்குத் தாவியதால் இரண்டாம் நாள் மீண்டும் 220-இலிருந்து தொடங்க நேர்ந்தது. கறுப்புச் சேறுபோல் வழியும் தூளை அவ்வப்போது கழுவி, காயவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் எங்கே தேயவில்லை என்று தெரியும். கண்ணாடிபோல் பளபளப்பு வேண்டுமானால் 1000, 2000 என்று மேலே போகலாம். நான் 600-இல் நிறுத்திக்கொண்டேன். பளபளப்பு கூடக்கூட அடுத்த புளிச்சொட்டு விழுந்த இடம் இன்னும் துலக்கமாகக் காட்டிக்கொடுக்கும். பட்டுப்போல் மங்கிய பரப்பில் சிறு அரிப்புகள் கண்ணில் படுவதில்லை. தொட்டி முழுவதையும் அதே அளவுக்குத் தேய்த்த பிறகுதான் நிறம் ஒன்றுபட்டது. கிரானைட்டை இப்படி வீட்டில் தேய்க்க முயல வேண்டாம். அது கைக்கு அடங்காது. உலர்ந்த இயந்திரத்தால் தேய்த்தால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

தேய்த்த கல்லுக்கு என்ன பூசுவது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றார்கள் அம்மா. அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். சில நாள்களில் அது தூசியைப் பிடித்து, சிக்கெடுத்து நாறத் தொடங்கும். கல்லின் நுண்துளைக்குள் இறங்கி நீரையும் எண்ணெயையும் விலக்கும் சீலர் என்ற திரவத்தை வாங்கி, துணியால் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுத்து, ஒரு நாள் நீர் படாமல் விட்டேன். அது வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். அடியில் கல் கறுத்திருந்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். சீலர் கறை இறங்குவதைத்தான் தடுக்கும். மேற்பரப்பில் நிற்கும் புளி கல்லைத் தின்பதை அதனால் தடுக்க முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

பழைய சிமென்ட் இணைப்புகளும் ஆசிட்டில் பாதி கரைந்திருந்தன. இரும்பு அறுக்கும் ரம்பத் தகட்டால் அவற்றைக் கிளறி எடுத்து, கல் ஒட்டும் எபாக்சியால் அடைத்தோம். தொட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்துக்குச் சிலிக்கான் பசை வாங்கப் போனபோது, முதலில் கொடுத்த குழலைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தது. உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும் வகை அது. கண்ணாடிக்குப் பொருந்தும், சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது. அந்த நெடி இல்லாத, நியூட்ரல் என்று குறிப்பிட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பாக இருந்தால் அந்த நெடி எனக்கு எதையும் உணர்த்தியிருக்காது.

கிரானைட் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. சமையலறைப் புளிப்பு அதைத் தொடாது. உப்புக்கறைக்கு நீர்த்த வினிகரைச் சில நிமிடங்கள் வைத்துக் கழுவலாம், இணைப்பில் சிமென்ட் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் படாமல். ஆனால் கடைகளில் கிரானைட் சிங்க் என்ற பெயரில் ஒரே வார்ப்பாக விற்பது அறுத்த பாறை அல்ல. ஐந்தில் நான்கு பங்கு அளவுக்குப் படிகக்கல் தூளும், மீதி அக்ரிலிக் பிசினும் கலந்து அச்சில் வார்த்தது. அடுப்பிலிருந்து இறக்கிய இருப்புச்சட்டியை அதில் நேரே வைத்தால் பிசின் பகுதி பாழாகும். எந்தப் புளிக்கும் அஞ்சாத கல் என்றால் அது மாக்கல்தான். கல்சட்டியில் மணிக்கணக்காகப் புளிக்குழம்பு கொதிக்கிறது, சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவின் பழைய வீடுகளில் மாக்கல்லிலேயே தொட்டி செய்து வைத்திருப்பார்கள். நம்மவர்கள் சட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எபாக்சி காய்ந்த இரண்டு நாளும் கொல்லைப்புறக் குழாயடியில்தான் பாத்திரம் துலக்கினோம். விளக்குக்குப் புளி தடவ ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள் அம்மா. “கல்லும் புளிக்குக் கரையும்னு முன்னாலேயே ஒருத்தராவது சொல்லப்பிடாதா” என்று மட்டும் கேட்டார்கள். தழும்பு போய்விட்டது. ஆனால் அந்த மூலையில் கல் அரை நூல் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. இரவில் தொட்டி முழுவதும் வடிந்த பிறகும் அங்கே மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வேட்டித் துணியின் நுனியை அதற்குள் அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.